நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை

வினா நாற்பத்தேழு, கட்டளை எண்பத்தொன்று. இருபத்தாறு நிமிடம்தான் கேட்டிருக்கிறேன். இன்னும் முப்பத்து நாலு நிமிடம் போனுக்குள் கிடக்கிறது, என் குரல்தான், இன்று சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் நான் என் மகள் அஞ்சலினிடம் பேசியது அத்தனையும். ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு எழுத வேண்டும், நாளை பத்து மணிக்குள் தில்ஷாத் மேடம் கையில் தாளைக் கொடுக்க வேண்டும். அவர் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். அஞ்சலினுக்கு மூன்று வயது இரண்டு மாதம், பேசுவதில்லை. இப்படி முற்றுப்புள்ளி வைத்து எழுதவே எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது, போன வருடம் முழுக்க 'இன்னும் சரியா ஆரம்பிக்கல' என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்னும் என்றும் சரியா என்றும் இரண்டு சொல்லை முன்னால் நிறுத்தினால் கொஞ்சம் மூச்சு விடலாம். தாளில் ஐந்து கட்டம் போட்டிருக்கிறது. செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி, நாலும் அம்மாவின் வாக்கியங்களுக்கு. ஐந்தாவது ஓரத்தில் குறுகலாக, மேலே 'பிள்ளை' என்று. சத்தமோ பார்வையோ கையசைப்போ, பிள்ளை என்ன செய்தாலும் அங்கே எழுதணுமாம். 'மார்க்கெல்லாம் கிடையாதும்மா, பயப்படாதீங்க' என்றார் மேடம். 'பேசினத அப்படியே எழுதுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க. இதை வச்சுத்தான் அடுத்து என்ன செய்யணும்னு நான் முடிவு பண்ணணும்.' மார்க் கிடையாது என்றதும்தான் எனக்குப் பயமே வந்தது. மார்க் உண்டென்றால் நான் பயப்படுகிறவளே இல்லை. வாக்கிய வகைகளில் ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் எனக்கு ஒரு மார்க்கூட குறைந்ததில்லை, தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாக்கு, வினாவைச் செய்தியாக்கு, பொருள் மாறாமல் திருத்தி எழுது, எதைக் கொடுத்தாலும் எழுதுவேன். அதனால்தான் இப்போது என் முன்னால் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று ரஃப். இன்னொன்று ஃபேர்.

ரஃபில் இருப்பது நான் பேசியது. கம் ஹியர். சிட் நைஸ்லி. வாட் இஸ் திஸ்? வாட் கலர் இஸ் திஸ்? சே ரெட். சே. லுக் அட் மம்மி. ஏன் தூக்கிப் போட்டே? டோண்ட் த்ரோ. ஃபேரில் இருப்பது, எப்படிச் சொல்ல, பேசியிருக்க வேண்டியது. 'ஏன் தூக்கிப் போட்டே' என்பது 'பந்து உருண்டு போயிடுச்சே!' என்று உணர்ச்சிக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'சே ரெட்' என்பது 'இந்தப் பூ சிவப்பா இருக்கு' என்று செய்திக் கட்டத்தில். பிள்ளையிடம் கேள்வி குறையணும், கட்டளை குறையணும், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறதைச் சொன்னாலே போதும் என்று மேடம் போன வாரமே சொல்லிவிட்டார், சரியான விடை எது என்று தெரிந்த பிறகு தப்பான விடையை என் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க எனக்கு வரவில்லை. பொய் எழுதுகிறோம் என்று முதல் பத்து வரிக்குத் தோன்றவே இல்லை. திருத்துகிறோம் என்றுதான் தோன்றியது. கை தானாகப் போயிற்று, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு. இருபதாவது வரியில்தான் திடீரென்று, இதைப் படிக்கிற மேடம், இந்த அம்மா இவ்வளவு நன்றாகப் பேசியும் பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் கோளாறு பிள்ளைக்குள்தான் என்று முடிவு கட்டுவாரே, அப்படியென்றால் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், என்னைக் காப்பாற்ற அவளை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நெஞ்சில் ஒரு அடி விழுந்தது. விழுந்தும் இருபத்தொன்றாவது வரியையும் ஃபேராகத்தான் எழுதினேன்.

நான் படித்த கான்வென்ட் ஹாஸ்டலில் சனிக்கிழமை சாயங்காலம் கடிதம் எழுதுகிற நேரம். முதலில் ரஃபில் எழுதி வரிசையில் நிற்க வேண்டும், சிஸ்டர் இம்மாகுலேட்டா சிவப்புப் பேனாவால் திருத்துவார், பிறகு ஃபேர் எழுதினால் அதுதான் தபாலில் போகும், ரஃப் குப்பைக்கு. ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒரு முறை காய்ச்சல். நான் எழுதியது நாலு வாக்கியம். எனக்குக் காய்ச்சலடிக்குது. பயமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க. எப்ப வருவீங்க அப்பா? இங்கிலீஷில்தான், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். சிஸ்டர் கெட்டவர் இல்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், வெந்நீர் கொடுக்கச் சொன்னார். ஆனால் உடைந்து கிடக்கிற நாலு வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. அவர் திருத்திக் கொடுத்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: சென்ற வாரம் சிறிது காய்ச்சல் இருந்தபோதிலும் தற்போது நலமாக இருக்கிறேன் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரே வாக்கியம், அழகான கலவை வாக்கியம், இருந்தபோதிலும் என்று ஒரு கொக்கி, என்பதை என்று இன்னொரு கொக்கி, காய்ச்சல் உள்ளே எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைத் தான் வேலை பார்த்த உப்பளத்துக்குக் கொண்டுபோய்க் கணக்கரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, எம்பிள்ள என்னமா எழுதுது பாருங்க என்று எல்லாரிடமும் காட்டினாராம். வரவில்லை. ஏன் வருவார்?

பெரிய வகுப்பில் இன்னும் இரண்டு வகை வந்தது. முக்கியமானதை முதலில் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பின்னால் கோத்துக்கொண்டு போகிற வாக்கியம் ஒன்று. முக்கியமானதைக் கடைசி வரைக்கும் தராமல் இழுத்துப் பிடித்து முடிவில் தருகிற வாக்கியம் இன்னொன்று. இரண்டாவதுதான் உயர்ந்தது, கேட்கிறவரை மூச்சு விடாமல் வைத்திருக்கும் என்பார் சிஸ்டர். எனக்கு அப்போதே சிரிப்பு வரும், தமிழில் நாம் பேசுவது எல்லாமே அப்படித்தானே, கடைசிச் சொல் விழுகிற வரைக்கும் ஆமாவா இல்லையா என்று யாருக்குத் தெரியும். சிரிப்பு போன மாதம் போயிற்று. பிள்ளைகள் டாக்டர் அஞ்சலினைக் கைதட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், கட்டைகளை அடுக்கச் சொன்னார், பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, 'உங்க பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்குன்னு இன்னைக்கு நான் சொல்ல' என்றார், அந்த இடத்தில் அஞ்சலின் கட்டைகளைத் தட்டிவிட்டாள், அவை தரையெல்லாம் ஓடின, நர்ஸ் குனிந்தார், டாக்டர் குனிந்தார், நான் மட்டும் குனியவில்லை, சொல்லப்போகிறாரா, சொல்ல மாட்டாரா, சொல்ல வேண்டியிருக்கிறதா, ஒரு கட்டை என் செருப்பில் வந்து முட்டி நின்றது, 'சொல்ல விரும்பல' என்று மேசைக்கு அடியிலிருந்து வந்தது. 'மொதல்ல தில்ஷாத் பாக்கட்டும்.' விரும்பல. இல்லை என்று சொல்லவில்லை. அந்த வாக்கியத்தின் நடுவில் நான் இன்னமும் நின்றுகொண்டிருக்கிறேன், நாளைக்குப் பத்து மணிக்கு யாரோ அதை முடித்து வைப்பார்கள்.

முப்பதாவது நிமிடம். 'எத்தன தடவ சொல்றது?' இது எந்தக் கட்டம்? கேள்விக்குறி இருக்கிறது. ஆனால் நான் எண்ணிக்கையா கேட்டேன். பதிலை வேண்டாத வினா, பேச்சுக்கு அழகு சேர்ப்பது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், மேடையில் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டால் அழகாக இருக்குமாயிருக்கும், மூன்று வயதுப் பிள்ளை முகத்துக்கு நேரே குனிந்து கேட்டால் அது அடி. 'வில் யூ ஸ்டாப் இட்?' இதுவும் கேள்வி மாதிரிதான் இருக்கிறது. 'டூ யூ வான்ட் மம்மி டு கோ அவே?' ஐயோ, இதை நான் எப்போது சொன்னேன். ரிவைண்ட் செய்து கேட்டேன். சொல்லியிருக்கிறேன். குரலில் கோபம்கூட இல்லை, சோறு ஊட்டுகிற குரல். எழுதவா இதை? லூர்து மதினி கேட்டால் அவ்வளவுதான். மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா, மாடியில் இருக்கிறார், எங்கள் கதவு திறந்திருந்தால் வாசலில் நின்றே ஆரம்பித்துவிடுவார். 'ஏட்டி கான்வென்ட்டு, பிள்ளைக்குப் பாடம் நடத்துதியா, பரீட்ச வைக்கியா? நானும் மாடியில இருந்து கேக்கேன், வாட்டு வாட்டுன்னு வாட்டிக்கிட்டே கெடக்க. அது பதில் சொன்னாத்தான் சோறா?' நான் சிரித்துவிடுவேன், உள்ளே எரியும். ஜூன் மாதம் எல்கேஜியில் சேர்க்கணும் மதினி, அங்கே இங்கிலீஷில்தான் கேப்பாங்க, தமிழ் கலந்தா பிள்ளை குழம்பிடும் என்பேன். 'எங்க குழம்புது, ஒண்ணையுந்தான் காணுமே' என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, அஞ்சலினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். அங்கே அவர் என்ன பேசுவார், எந்த வகை வாக்கியம், யார் எழுதினார்கள்.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. பக்கத்தில் அஞ்சலின் தூக்கத்தில் புரண்டு படுத்தாள், உதடு அசைந்தது, நான் போனை நிறுத்திவிட்டு அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், தூக்கத்திலாவது ஏதாவது வருமா என்று ஒரு வருடமாகப் பார்க்கிறேன். மூச்சுதான். திரும்பப் போட்டேன். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் மதினியின் குரல் மாடியிலிருந்து, 'ஏட்டி ஜெனி, டேங்கு நெறஞ்சு கொட்டுது, மோட்டார அமத்து!' நான் 'சிட் ஹியர், டோண்ட் மூவ்' என்கிறேன், கட்டளை இரண்டு, என் செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அப்புறம் ஒன்றுமில்லை, தூரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம், ஃபேன் சத்தம். இந்த இடத்தைத் தள்ளிவிடலாம், என் வாக்கியம் ஒன்றும் இருக்காது என்று விரலைக் கொண்டுபோனேன். பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. துணி க்ளிப். கூடையில் இருக்கிற துணி க்ளிப்புகளை எடுத்து வரிசையாக வைப்பாள், அதுதான் அவள் விளையாட்டு. ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் ஒரு குரல். 'சிட்.'

நான் அறையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். குரல் என் கைக்குள் இருந்தது. 'சிட் நைஸ்லி.' சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஏற்றமும் இறக்கமும் என்னுடையது, நைஸ்லி என்பதில் நான் கொடுக்கிற அந்த இழுப்பு. 'வாட் கலர்?' பிறகு அமைதி. போன் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் சத்தம், தண்ணீர்ச் சத்தம். 'வாட் கலர்?' மறுபடியும் அமைதி. க்ளிப்பிடம் கேட்கிறாள், க்ளிப் பதில் சொல்லவில்லை, அவள் காத்திருக்கிறாள். நான் விநாடியைப் பார்த்தேன், பதினொன்று. பின்னால் போய் என்னை எடுத்துப் பார்த்தேன், வாட் கலர் என்று கேட்டதற்கும் சே ரெட் என்று சொன்னதற்கும் நடுவே நான் எவ்வளவு நேரம் கொடுத்தேன் என்று. ஒரு விநாடி. இன்னொரு இடத்தில் அதுகூட இல்லை. மறுபடி முன்னால் வந்தேன். 'சே' என்றது குரல், திட்டாமல், மெதுவாக. 'சே, அஞ்சலின்.' க்ளிப்புக்குத் தன் பெயரையே வைத்திருக்கிறாள். அப்புறம் மோட்டார் நின்றது. தண்ணீர் நின்றது. என் செருப்புச் சத்தம் தூரத்திலிருந்து வந்தது, வரவர க்ளிப்புகளை வாரிக் கூடையில் போடுகிற சத்தம், அவசரமாக, அப்புறம் ஒன்றுமே இல்லை. 'குட் கேர்ள். வாட் டிட் யூ டூ?' என்கிறேன் நான். வினா.

மூன்று தடவை கேட்டேன். சந்தோஷம் வந்தது, முதல் தடவை முழுக்க சந்தோஷம்தான், வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டாவது தடவையிலிருந்து பயம். கேட்டதைக் கேட்டபடியே சொல்கிற பிள்ளைகளைப் பற்றி நான் போனில் படித்திருக்கிறேன், படிக்காமல் இருந்திருக்கலாம், அதுவும் ஒரு அறிகுறி என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது, இன்னொரு இடத்தில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று போட்டிருந்தது. எது? இதை எழுதினால் டாக்டர் பாதியில் விட்ட வாக்கியம் முடிந்துவிடுமோ. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, கேட்டவள் நான் ஒருத்தி, அழித்தால் போயிற்று. அல்லது அறிகுறியும் இல்லை ஒன்றும் இல்லை, பிள்ளை பேசுகிறாள், என்னிடம்தான் பேசுவதில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்துகிறாள். இரண்டில் எது இருந்தால் உனக்குச் சம்மதம் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன். அவளுக்குக் கோளாறு என்பதா, எனக்கு என்பதா. சொல்லத் தெரியவில்லை, இல்லை, தெரிகிறது, சொல்லக் கூசுகிறது, இருபத்தொரு வரி ஃபேராக எழுதி ஏற்கெனவே சொல்லிவிட்டேனே.

ரெக்ஸன் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர், துறைமுகத்தில் இரவு ஷிப்ட், டீ குடிக்க விட்டதும் கூப்பிடுவார். 'எழுதிட்டியாட்டி?' என்றார். பின்னால் கிரேன் சத்தம். நான் ஸ்பீக்கரில் போட்டு அந்தத் துண்டைக் கேட்கவைத்தேன். முடிந்ததும், 'யாரு பிள்ள இது?' என்றார். 'மாடியில அக்கா வீட்டுக்கு யாரும் வந்திருக்காவளா? சின்னப் பிள்ள சத்தம் மாதிரில்லா இருக்கு.' மூன்று வருடமாகக் கேட்காத குரலை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார். 'நம்ம பிள்ளதான்' என்றேன். கிரேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 'இன்னொருக்க போடு.' போட்டேன். அவர் அழுகிறார் என்று தெரிந்தது, பிறகு பார்த்தால் சிரிக்கிறார், பிறகு யாரிடமோ, 'ஏல, எம்பிள்ள பேசுதுல! இங்கிலீஷுல பேசுது!' என்று கத்தினார், யாரோ விசிலடித்தார்கள், 'அப்பனுக்கு வராததுல்லா அது' என்று யாரோ கேலி பண்ணினார்கள். 'பெறவு என்னத்துக்குட்டி நாளைக்கு அந்த மேடம்? அதான் பேசுதே. வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிருவோம், என்ன?' எனக்கு ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரு சொல்தான். இரண்டு தாளையும் மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிடலாம்.

'போறோம்' என்றேன். 'அதான் பேசுதேட்டி.' 'யார்ட்ட பேசுதா? க்ளிப்புட்ட. நான் வாற சத்தம் கேட்டதும் நிறுத்திட்டா. அது கேட்டுச்சா உங்களுக்கு?' அவர் வாயெடுப்பதற்குள், 'அந்தத் தாள நான் மாத்தி எழுதிட்டேன்' என்றேன். 'எந்தத் தாள?' 'மேடம் குடுத்தத. கேள்வியெல்லாம் எடுத்துட்டு, வெரட்டுனதெல்லாம் எடுத்துட்டு, நல்லதா எழுதிட்டேன்.' 'எதுக்கு?' அவர் திட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், பதில் வருகிற வரைக்கும் காத்திருந்தார், கிரேன் ஒருமுறை ஏறி இறங்குகிற நேரம். 'பயந்துட்டேன்.' 'சரி' என்றார். அப்புறம், 'உள்ளத எழுத நேரமிருக்கா?' 'இருக்கு.' 'எழுது. பிள்ள பேசினதையும் எழுது, அவங்க என்ன சொன்னாலும் ரெண்டு பேருமாக் கேட்டுக்கிடுவோம். நான் ஆறரைக்கு வந்து பிள்ளையப் பாத்துக்கிடுதேன், நீ செத்த நேரம் கண்ணசரு.' அங்கே மணி அடித்தது, வைத்துவிட்டார்.

புதுத் தாளில் கோடு போடவில்லை. போனை முதலிலிருந்து போட்டேன். நாலு மணி, கட்டளை, கம் ஹியர். நாலு மணி ஒரு நிமிடம், கட்டளை, கம் ஹியர், ஐ செட். மூன்றாவதை எழுதப் போனவள் நின்றேன். இவ்வளவு நேரமும் என்னுடைய நாலு கட்டத்துக்காகவே கேட்டிருக்கிறேன், ஐந்தாவதில் முதல் வரியிலிருந்தே ஒன்றும் எழுதவில்லை, ரஃபிலும் இல்லை ஃபேரிலும் இல்லை. போனில் அந்த இடத்தில் சத்தம் ஏதும் கிடையாது. ஆனால் நான் அங்கே இருந்தேன். அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, போன் பதிவாகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது தடவை கூப்பிட்டேன், குனிந்தால் என் நைட்டியை ஒரு கை பிடித்திருந்தது. ஓரத்துக் கட்டத்தில், முதல் கம் ஹியருக்கு நேரே, சின்ன எழுத்தில் எழுதினேன். வந்தாள். இரண்டாவதற்கு நேரே எழுதினேன். ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தாள்.